ஆங்கில மார்க்கும் ஆங்கில அறிவும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், பரிசளிப்புக்கு முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைக் குறித்து இவ்விழாவில் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் கேட்டபொழுது யாம் சற்றுத் தயங்கினோம். மேனிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பதாண்டுகள் ஆங்கிலம் கற்பித்தோம் என்பது எமக்குள்ள ஒரு தகுதி. சங்கத்தின் உபகாரச் சம்பளக் கமிட்டியில் சில ஆண்டுகள் அமர்ந்திருந்தோம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்து எம்மைக் கொண்டுபோய் நிறுத்திய ஒரு தவற்றை இன்று சபையோர்முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அதனைச் சொல்லுதற்கு முன் விஷயத்தைச் சிறிது விளக்கிக்கொள்ளுதல் நலம்.

இதோ மேடையின்மேல் பரிசுகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தில் மிகுந்த மார்க்கு வாங்கிய பிள்ளைக்கென்று ஒரு வெள்ளிக் கிண்ணமும் இருக்கின்றது. அதனைப் பெறப்போகும் குழந்தையை யாம் மனமார வாழ்த்துகின்றோம். ஆயினும் ஒரு கேள்வி. அம்மார்க்கு எதனை அளந்தது? நெல்லை மரக்காலால் அளக்கின்றோம். பொன்னைத் தராசில் நிறுக்கின்றோம். துணியை முழம் போடுகின்றோம். மரக்காலைக் கொண்டு துணியை அளப்பார் எவருமில்லை. அளக்கும் பொருள் இன்னதென்று அறிந்த பின்னரே அளவுகருவியைக் கையில் எடுக்கின்றோம். பிள்ளைகளின் பாஷையறிவை அளக்கும்பொழுது மட்டும் இவ்விவேகம் நம்மை விட்டு நீங்கிவிடுகின்றது. தொண்ணூற்றைந்து என்று காகிதத்தில் கண்டவுடன், "பையன் ஆங்கிலத்தில் புலி" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகின்றோம்.

ஒரு பாஷையை அறிதல் என்பது ஒரே செயலன்று. பிறர் சொல்லக் கேட்டு அறிதல், தாம் சொல்லுதல், எழுதியதைப் படித்துணர்தல், தாம் எழுதுதல் என நான்கு செயல்கள் அதனுள் அடங்கியிருக்கின்றன. இது மேல்நாட்டார் நமக்குப் புதிதாகச் சொல்லித்தந்த பாகுபாடன்று. வள்ளுவனார் கல்விக்கென ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், கேள்விக்குத் தனியாக ஓர் அதிகாரமும், சொல்வன்மைக்கு ஒன்றும், அவையஞ்சாமைக்கு ஒன்றும் வகுத்தனர். கற்றவன் கேட்கத் தெரியாதவனாகவும் இருக்கலாம். கேட்டவன் அவைமுன் நின்று சொல்லமாட்டாதவனாகவும் இருக்கலாம் என்பதை அப்பெரியார் அறிந்திருந்தனர். நம் முன்னோர் ஒரு நூலை ஏற்றுக்கொள்ளுமுன் அதனை அவையில் அரங்கேற்றச் செய்தார்கள். புலவர் நூலைப் படித்தார், பொருள் சொன்னார், அவையினர் கேட்ட கேள்விக்கு விடை கூறினார். எழுதிய ஏட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, "நீர் போய் வாரும்" என்று அவரை அனுப்பிவிடவில்லை.

நிற்க. நம் நாட்டில் ஆங்கிலப் பரீக்ஷை எவ்வாறு வந்தது என்பதைச் சற்று நினைவுகூர்வோம். 1835-ஆம் ஆண்டில் மெக்காலேயின் குறிப்பை ஏற்று அரசாங்கத்தார் ஆங்கிலக் கல்வியை ஆதரிக்கத் தலைப்பட்டனர். 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பெற்றது. அதன் பிரவேசப் பரீக்ஷையாகிய மெட்ரிகுலேஷனே பிள்ளைகள் கடந்தாகவேண்டிய வாயிற்படியாயிற்று. அக்காலத்தில் ஆங்கிலம் படித்தோர் பெரும்பாலும் கச்சேரிகளில் எழுத்து வேலைக்குப் போயினர். எழுத்து வேலைக்கு எழுத்துப் பரீக்ஷை பொருத்தமாகவே இருந்தது. பின்னர்க் காலம் மாறிற்று, தொழில் மாறிற்று, பரீக்ஷையின் அடிப்படை மட்டும் பெரிதும் மாறவில்லை. தமிழ் நாட்டில் 1978-இல் மேனிலைக் கல்வி ஏற்பட்டது. 1980-இல் முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு நடைபெற்றது. நெடுங்காலம் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்களும் இருநூறு மார்க்கும் இருந்தன. 2018-19-ஆம் கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரே தாளும் நூறு மார்க்குமாக அது சுருங்கிற்று.

அந்த நூறு எவ்வாறு பிரிகின்றது என்று இங்குள்ள பெற்றோர்களுள் எத்தனை பேர் பார்த்திருக்கின்றீர்கள்? ஒரு மார்க்கு வினாக்கள் இருபது. இரண்டு மார்க்கு வினாக்கள் ஏழு. மூன்று மார்க்கு வினாக்கள் ஏழு. ஐந்து மார்க்கு வினாக்கள் ஏழு. கூட்டிப் பார்த்தால் தொண்ணூறு ஆகும். எஞ்சிய பத்தும் பள்ளியிலேயே கொடுக்கப்படும் அகமதிப்பீடு. வருகை, சிறு தேர்வு, ஒப்படைப்பு முதலியவற்றைக் கொண்டு அது கணக்கிடப்படுகின்றது. தொண்ணூறு மார்க்கும் மூன்று மணி நேரத்தில் எழுதுகோலால் ஈட்டப்படுவன. சொற்பொருள், இலக்கணம், பாடப்புத்தகத்து உரைநடை, செய்யுள், துணைப்பாடக் கதை, கடிதம், கட்டுரை என்பன அதில் வருகின்றன. இவற்றுள் பெரும்பகுதி முன்னரே அறிந்த பாடத்திலிருந்து கேட்கப்படுவதால், நோட்ஸ் புத்தகத்தை நெட்டுருச் செய்த பிள்ளை அவற்றை எளிதில் எழுதிவிடலாம். அத்தொண்ணூறில் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கும் வினா ஒன்றுமில்லை. செவியைச் சோதிக்கும் வினாவும் இல்லை. ஆகவே அத்தாள் நான்கு செயல்களுள் இரண்டை அளக்கின்றது. அவ்விரண்டிலும், கண்டறியாத பகுதியைப் படித்துணரும் ஆற்றலைச் சிறிதளவும், கண்டறிந்ததை நினைவிலிருந்து எழுதும் ஆற்றலைப் பெரிதளவும் அளக்கின்றது. இதுவே அதன் உண்மையான நிலை.

இதனால் அரசாங்கத்தாரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆண்டுதோறும் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இத்தேர்வை எழுதுகின்றார்கள். ஒவ்வொருவரையும் பன்னிரண்டு நிமிஷம் பேசவைத்துப் பார்ப்பதாயின் ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் மணி நேரம் வேண்டும். அதற்குரிய பரீக்ஷகர்களை எங்கிருந்து கொண்டுவருவது? அவர்கள் எல்லோரும் ஒரே கண்கொண்டு பார்ப்பார்கள் என்பது எவ்வாறு உறுதி? இடர்ப்பாடுகள் மெய்யானவையே. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தார் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் எண்பது மார்க்கை எழுத்துக்கும், இருபது மார்க்கைப் பள்ளியளவில் கேட்டல், பேசுதல், திட்டப்பணி ஆகியவற்றுக்கும் வைத்திருக்கின்றனர். அதுவும் ஒரு முயற்சியே.

பிற நாடுகளில் இவ்விஷயம் எவ்வாறு நடந்தது என்று பார்ப்போம். 1913-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்க்கென உயர்தரப் பரீக்ஷை ஒன்றைத் தொடங்கினர். அப்பரீக்ஷை ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் நடந்தது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல் இவற்றோடு, சொல்ல எழுதுதல், உரக்க வாசித்தல், சம்பாஷித்தல் என்பனவும் அதில் இருந்தன. முதலாண்டில் அதற்கு வந்தவர்கள் மூவர், மூவரும் தேறவில்லை! கடினம் மிகுந்திருந்த போதிலும், வாயையும் செவியையும் அப்பரீக்ஷை தொடக்கத்திலேயே புறக்கணிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் பிறநாட்டார்க்கென 1964-இல் ஏற்பட்ட டோஃபெல் பரீக்ஷையோ, பேசுதலைத் தனது கட்டாயப் பகுதியாக 2005-இல்தான் சேர்த்துக்கொண்டது. 1989-இல் தொடங்கிய ஐஇஎல்டிஎஸ் பரீக்ஷையில் நான்கு செயல்களுக்கும் தனித்தனி அளவு கொடுக்கின்றார்கள்; பேசுதலுக்கு ஒரு பரீக்ஷகர் எதிரில் அமர்ந்து பதினொரு நிமிஷம் முதல் பதினான்கு நிமிஷம் வரை பேசவேண்டும். நம் குடும்பங்களிலிருந்து வெளிநாடு போக விரும்பும் பிள்ளைகள் இப்பரீக்ஷைக்கு இருபது, இருபத்திரண்டு வயதில் போகின்றார்கள். தம் செவியும் வாயும் எந்நிலையில் உள்ளன என்பதை அவர்களுள் பலர் அப்பொழுதுதான் முதன்முதலாக அறிகின்றார்கள்.

அஃதன்றியும், எழுத்துப் பரீக்ஷையின் மார்க்காவது மாறாத உண்மையோ என்றால் அதுவும் இல்லை. 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர், உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் எழுதிய இரண்டு ஆங்கில விடைத்தாள்களைப் பல பள்ளிகளின் உபாத்தியாயர்களுக்கு அனுப்பி மார்க்கு இடச் சொன்னார்கள். ஏறக்குறைய நூற்றுநாற்பது பேர் திருத்தி அனுப்பினர். ஒரே தாளுக்கு ஒருவர் 64 இட்டார். மற்றொருவர் 98 இட்டார். இரண்டாவது தாளுக்கு 50 இட்டவரும் உண்டு. தொண்ணூறுக்கு மேல் இட்டவரும் உண்டு. இங்கிலாந்தில் 1935-இல் வெளிவந்த ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. அதனை நடத்தியவர்களுள் ஒருவர் ஸர் பிலிப் ஹார்ட்டாக். டாக்கா சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தராக இருந்தவர் அவரே. 1929-இல் இந்தியக் கல்வியைப் பற்றி அறிக்கை விடுத்த கமிட்டிக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பதினைந்து சரித்திர விடைத்தாள்களைப் பரீக்ஷகர்களிடம் கொடுத்துத் திருத்தச் செய்து, ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களைப் பதினான்கு பேரிடம் மறுமுறை கொடுத்தனர். இருநூற்றுப்பத்துத் தீர்ப்புகளுள் தொண்ணூற்றிரண்டில் அதே பரீக்ஷகர் தம் முந்திய தீர்ப்பை மாற்றிவிட்டார். முதலில் தேறினான் என்றவனை இப்பொழுது தவறினான் என்றார். தவறினான் என்றவனைத் தேறினான் என்றார். முப்பதாண்டு விடைத்தாள் திருத்திய எமக்கு இச்செய்தி புதிதன்று. காலையில் திருத்திய முதல் கட்டின் நீதியும், மாலையில் களைத்த கண்ணுடன் திருத்திய கடைசிக் கட்டின் நீதியும் ஒன்றாக இருந்தன என்று சத்தியம் செய்ய யாம் துணியமாட்டோம். இந்நாளில் விடைக்குறிப்பும், மறுமதிப்பீடும், கூட்டிப் பார்க்கும் ஏற்பாடுகளும் இருத்தலால் வேற்றுமை குறைந்திருக்கும். முற்றும் நீங்கிற்று என்று சொல்லுதற்கில்லை. ஆகவே இரண்டு மூன்று மார்க்கு வேற்றுமையால் ஒரு குழந்தையை உயர்த்துவதும் மற்றொரு குழந்தையைத் தாழ்த்துவதும் நியாயமாகா.

நாடு முழுவதற்கும் உரிய நிலையையும் அறிதல் வேண்டும். ஏசர் என்னும் கல்வி நிலை ஆய்வை நடத்துவோர், 2023-ஆம் ஆண்டில் 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களில், கிராமங்களில் வாழும் பதினான்கு முதல் பதினெட்டு வயதுவரையுள்ள பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று சோதித்தனர். எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்கக்கூடியவர் நூற்றுக்கு 57.3 பேர். அவ்வாறு வாசித்தவர்களுள்ளும் பொருள் சொல்லக்கூடியவர் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர். அஃதாவது வாசித்தல் வேறு, உணர்தல் வேறு என்பது வெளிப்படை. எழுத்தைக் கூட்டி ஒலிக்கும் பிள்ளையைக் கண்டு, "நன்றாகப் படிக்கின்றான்" என்று நாம் மகிழ்கின்றோமே, அம்மகிழ்ச்சி நான்கில் ஒரு முறை பிழையாகின்றது.

இனி எமது தவற்றைச் சொல்லுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் உபகாரச் சம்பளத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. பணமோ ஒருவர்க்கே போதுமானதாக இருந்தது. ஒருவன் ஆங்கிலத்தில் 96 வாங்கியவன். மற்றவள் 61 வாங்கிய பெண். அப்பெண்ணின் தகப்பனார் மாமல்லபுரத்தில் சிறு கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்தால் அவளே கடையில் இருப்பாள். வெளிநாட்டிலிருந்து வரும் யாத்திரிகர்களோடு பேசி விலை சொல்லி விற்பாள். கமிட்டியார் கேட்ட கேள்விகளுக்கு ஆங்கிலத்திலேயே அச்சமின்றி விடை சொன்னாள். எழுத்தில்தான் பிழைகள் மலிந்திருந்தன. பையனை யாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 96 என்ற எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதென்று நினைத்தோம். பையனுக்குச் சம்பளம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். பெண்ணின் விண்ணப்பத்தின்மேல், "ஆங்கிலத்தில் குறைவு" என்று எம் கையாலேயே எழுதினோம். அவள் பெற்றோர் மறுமுறை விண்ணப்பம் செய்யவில்லை.

பையன் வெளியூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். ஆறு மாதம் கழிவதற்குள் திரும்பி வந்துவிட்டான். ஏன் வந்தான் என்று தகப்பனார்க்கும் விளங்கவில்லை. சங்கத்தின் பணத்தை வீணாக்கிவிட்டானென்று சிலர் பேசிக்கொண்டார்கள். யாம் அவனை அவர்கள் கடையிலேயே போய்ப் பார்த்தோம். நெடுநேரம் அவன் பேசவில்லை. கணக்கேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தான். பின்னர்ச் சொன்னான்: "பெரியப்பா, வகுப்பில் அவர்கள் பேசுவது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து கேட்க வாய் வரவில்லை. எல்லோரும் சிரிப்பார்களோ என்று பயம். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பது எனக்கே அதுவரையில் தெரியாது. தெரியும் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். மேடையில் மாலை போட்டீர்கள். நானும் நம்பினேன்."

சபையோர்களே! அப்பிள்ளை சோம்பேறியல்லன். கேட்டதை எல்லாம் படித்தவன். சொன்னபடி எல்லாம் எழுதியவன். அவனிடம் இருந்த குறை பெரிதுமன்று. கோடை விடுமுறை இரண்டு மாதத்தில் தக்க துணை இருந்தால் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். குறை இன்னதென்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதே தீங்கு. சொல்லியிருக்க வேண்டியவர்கள் யாம். ஆங்கில உபாத்தியாயராக இருந்தும் அவனோடு ஆங்கிலத்தில் இரண்டு நிமிஷம் பேசிப்பார்க்க எமக்குத் தோன்றவில்லை. நோயாளியின் நாடியைப் பாராமல், அவன் வீட்டு நாட்காட்டியைப் பார்த்து மருந்து கொடுத்த வைத்தியனை ஒத்தோம். அப்பெண்ணுக்கும் யாம் செய்தது அநீதியே. அவளிடமிருந்த அருமையான ஆற்றலுக்கு வினாத்தாளில் இடமில்லாமற் போயிற்று. எம் கண்ணிலும் இடமில்லாமற் போயிற்று.

ஆதலின் இவ்விஷயத்தில் பெற்றோர் தாமே செய்யக்கூடியதொன்றைச் சொல்ல விரும்புகின்றோம். "எங்களுக்கே ஆங்கிலம் வராது, யாம் எவ்வாறு பிள்ளையைச் சோதிப்பது?" என்று கேட்கும் தாய்மார்களுக்கே இதனை முக்கியமாகச் சொல்லுகின்றோம்.

முதலாவது, படித்தல். தமிழ்ப் பத்திரிகையில் நீங்கள் படித்த ஒரு செய்தி அன்றைய ஆங்கிலப் பத்திரிகையிலும் வந்திருக்கும். அதனைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு முறை மனத்துக்குள் படித்துவிட்டு, பொருளைத் தமிழில் சொல்லட்டும். நடந்தது இன்னதென்று உங்களுக்கு முன்னரே தெரியுமாகையால், பிள்ளை உணர்ந்து சொல்லுகின்றதா, ஊகித்துச் சொல்லுகின்றதா என்று எளிதில் கண்டுகொள்ளலாம். தமிழில் சொல்லச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், படித்துணரும் ஆற்றலும் பேசும் ஆற்றலும் கலந்துபோய், எதில் குறை என்பது விளங்காமற் போகும்.

இரண்டாவது, கேட்டல். வானொலியிலோ கைப்பேசியிலோ வரும் ஆங்கிலச் செய்தியை இரண்டு நிமிஷம் கேட்கச் செய்து, மறுமுறையும் கேட்கச் செய்யுங்கள். யார், எங்கே, எப்பொழுது, என்ன என்னும் நான்கு கேள்விகளுக்குத் தமிழில் விடை சொல்லட்டும். முதல் முறையிலேயே விளங்கியதா, இரண்டாம் முறைதான் விளங்கியதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பேசுதல். பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, பிள்ளைக்கு நன்கு தெரிந்த ஒரு காரியத்தை ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லுங்கள். நம் கடைக்குச் சரக்கு எவ்வாறு வருகின்றது, பாட்டி எவ்வாறு வடகம் போடுகின்றாள் என்பன போன்ற விஷயங்கள் ஏற்றவை. நினைப்பதற்கு ஒரு நிமிஷம். பேசுவதற்கு இரண்டு நிமிஷம். அதனைக் கைப்பேசியில் பதிந்து, ஆங்கிலம் அறிந்த உறவினர் ஒருவர்க்கு அனுப்புங்கள். பிள்ளையின் முகத்தைக் காணாதவர் அதனைக் கேட்டு, சரக்கு வந்த வழியைத் திருப்பிச் சொல்லக்கூடுமாயின் பேச்சு நிறைவேறிற்று. உச்சரிப்பு இங்கிலாந்துக்காரர் உச்சரிப்பாக இருக்கவேண்டும் என்னும் அவசியம் இல்லை. விளங்கவேண்டும், அவ்வளவே.

நான்காவது, எழுதுதல். எந்த நோட்ஸிலும் இல்லாத ஒரு பொருளைப் பற்றி, மெய்யாக இருக்கும் ஒருவர்க்கு ஒரு கடிதம், அரைமணி நேரம். தெருவிளக்கு எரியாததைப் பற்றி நகராட்சி ஆணையர்க்கு எழுதலாம். நன்றாக அமைந்தால் அதனை அனுப்பியும் விடலாம், விளக்கும் எரியும்!

இவற்றோடு மற்றொரு சோதனையும் சேர்க்கலாம். கண்டறியாத ஒரு சிறு பகுதியை எடுத்து, முதல் வாக்கியத்தை அப்படியே விட்டு, அதன்பின் ஒவ்வொரு ஏழாவது சொல்லையும் நீக்கிக் கோடிடுங்கள். பிள்ளை பொருத்தமான சொற்களை இட்டு நிரப்பட்டும். வில்ஸன் டெய்லர் என்னும் அமெரிக்கர் 1953-இல் இம்முறையை வெளியிட்டார். ஒரு பத்தி வாசிப்பார்க்கு எளிதா கடினமா என்று அளப்பதற்கே அவர் இதனைக் கண்டார். பின்னர்ப் பாஷை கற்போரைச் சோதிக்கவும் இது பயன்பட்டது. நெட்டுருவினால் இதனை வெல்லமுடியாது. முன்னும் பின்னும் பொருளை உணர்ந்தவனே சொல்லைக் கண்டுபிடிப்பான்.

இவ்வைந்தையும் ஒரே நாளில் செய்து குழந்தையைத் திணறவைக்க வேண்டாம். ஒரு வாரத்தில் பரப்பிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுமுறை செய்யுங்கள். முடிவை மார்க்காக எழுதாதீர்கள். ஐரோப்பியக் கவுன்சிலார் 2001-இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஏ-1 முதல் சி-2 வரை அதில் ஆறு படிகள். ஒவ்வொரு படியிலும் கற்பவர் இன்ன இன்ன செய்யவல்லவர் என்று எழுதியிருக்கின்றார்கள். எத்தனை மார்க்கு என்று எழுதவில்லை. நாமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவ்வாறே எழுதலாம். "செய்தி கேட்டால் பாதி விளங்குகின்றது, தெரிந்த விஷயத்தை ஒரு நிமிஷம் பேச வருகின்றது, இறந்தகால வினையில் தடுமாறுகின்றான்" என்று எழுதினால், அடுத்த மாதம் செய்யவேண்டிய காரியம் உடனே தெரிந்துவிடும். 61 என்று எழுதினால் என்ன செய்வது என்று யார்க்கும் தெரியாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். "கல்லூரிக்காரர் மார்க்கைத்தானே கேட்கின்றார்கள்? நோட்டுப் புத்தகத்தையா கேட்கின்றார்கள்?" என்று நம்மவர் கேட்பர். மெய்தான். மார்க்கை அலட்சியம் செய்யுமாறு யாம் சொல்லவில்லை. மார்க்கு கல்லூரியின் வாயிலைத் திறக்கும். உள்ளே நுழைந்த பின் வகுப்பில் அமர்ந்திருக்கச் செய்வது கேட்கும் செவியும் கேள்வி கேட்கும் வாயுமே. வாயிற்படியில் இடறாதவன் கூடத்தில் விழுந்தான் என்றால் யாருக்கு லாபம்?

மற்றொன்று. பேச்சில் பிழை கண்டவுடன் பிள்ளையைப் பிறர் முன் பரிகசிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அதனை இன்றோடு விட்டுவிட வேண்டும். எழுத்துப் பிழையை ஒருவர் மட்டுமே காண்பர். பேச்சுப் பிழையைச் சபையே கேட்கும். அதனாலேயே பிள்ளை வாயை மூடிக்கொள்ளுகின்றது. அவையஞ்சுதல் பிறவிக் குணமன்று. பெரும்பாலும் பெரியவர்களின் சிரிப்பினால் உண்டாகும் குணம். ஆங்கிலம் தெரியாமை ஓர் இழிவுமன்று. அறிவின்மைக்கு அது அடையாளமுமன்று. தமிழில் தெளிவாக ஒன்றை விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அதே தெளிவை வேறொரு பாஷையிலும் அடைவது காலத்தையும் பயிற்சியையும் பொறுத்த காரியமே.

இறுதியாக, நமது சங்கத்துக்கு நான்கு யோசனைகளைப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றோம்.

முதலாவது: ஆங்கில மார்க்குக்குரிய வெள்ளிக் கிண்ணம் அப்படியே இருக்கட்டும், அதனோடு, தயாரிப்பின்றிக் கொடுத்த பொருளைப் பற்றித் தெளிவாகப் பேசும் பிள்ளைக்கும் ஒரு பரிசு ஏற்படுத்தவேண்டும், அப்பரிசு தமிழுக்கும் உண்டு, ஆங்கிலத்துக்கும் உண்டு என்று வைத்தல் வேண்டும். இரண்டாவது: உபகாரச் சம்பளம் பெறும் ஒவ்வொரு பிள்ளையையும் நான்கு செயல்களிலும் சோதித்துப் பார்க்கவேண்டும். இச்சோதனை தேர்ந்தெடுப்பதற்காகவன்று, தேர்ந்தெடுத்த பின்பு உதவி செய்வதற்காக. முடிவைப் பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் மட்டும் தனியே சொல்லவேண்டும். பத்திரிகையில் அச்சிடுதல் கூடாது. மூன்றாவது: ஒரு பிள்ளையின் பேச்சையோ எழுத்தையோ மதிப்பிடும்பொழுது ஒருவரல்ல, இருவர் தனித்தனியே மதிப்பிட வேண்டும், பெயர் மறைத்திருக்க வேண்டும். நாம் சிறிய சமூகம். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தபின் கண் நேராக நிற்பது அரிது. நான்காவது: பொதுத் தேர்வு முடிவதற்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையே உள்ள வாரங்களில், நம் குடும்பங்களில் கல்லூரி கண்ட இளைஞர்களும் பெண்களும் இச்சங்கக் கட்டிடத்தில் மாலைதோறும் ஒரு மணி நேரம் புதிய பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. சில பாய்களும், சிரிக்காத மனமும் போதும்.

அந்தப் பையன் இன்று என்ன செய்கின்றான் என்று நீங்கள் கேட்கக்கூடும். தகப்பனார் கடையிலேயே இருக்கின்றான். மாலையில் ஒரு கல்லூரியில் சேர்ந்து மறுபடியும் படிக்கத் தொடங்கியிருக்கின்றான். வாரத்தில் இரண்டு நாள் எம் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றான். இருவரும் ஆங்கிலத்திலேயே ஊர் நியாயம் பேசுகின்றோம். முதல் மாதம் யாம் பேச அவன் தலையசைத்தான். இப்பொழுது எம்மோடு வாதாடுகின்றான். நான்காவது யோசனை அத்திண்ணையில் அவன் சொன்னதே; எமதன்று. பயிற்சி தொடங்கினால் முதல் நாள் வந்து பாய் விரிப்பதாகவும் சொல்லியிருக்கின்றான்.

அப்பெண்ணைத் தேடிப் போய்க் கண்டு மன்னிப்புக் கேட்கும் கடன் எமக்கு இன்னும் பாக்கி இருக்கின்றது. அதனைச் செய்யாமல் இம்மேடையில் நின்று அறிவுரை கூறுவதற்கு வெட்கப்படுகின்றோம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அக்கடனைத் தீர்ப்போம் என்று சபையோர்முன் வாக்களிக்கின்றோம்.

பரிசு பெறும் குழந்தைகளே! உங்கள் கையில் வரும் கிண்ணம் நீங்கள் உழைத்து ஈட்டியது, மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனபின், எமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று ஒரு முறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாததைப் பற்றி எங்களிடம் வந்து சொல்லுங்கள். யாம் சிரிக்கமாட்டோம்.